விலையும் பெறுமதியும்: மெய்நிகர்க் காட்சிக் கருவி குறித்து ஓர் அறவியல் நோக்கு

பொருளொன்றைக் குறித்து ‘விலை அதிகம்’ எனக் கூறுவோர் எல்லோரும் ஒரே கருத்தில் அதனைக் கூறுவதில்லை. வாங்குவதற்குக் கையிற் பணமில்லை என்பது சிலரது கருத்து. கொடுக்கும் பணத்துக்கு ஈடான பயன் அதனாற் கிட்டாது என்பது வேறு சிலரது கருத்து. இவ்வளவு கேட்பது முறையன்று என்பது இன்னுஞ் சிலரது கருத்து. முதலாவது வாங்குபவனின் நிலைமையைப் பற்றியது. இரண்டாவது பொருளின் தன்மையைப் பற்றியது. மூன்றாவதோ விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையேயுள்ள உறவைப் பற்றியது. அன்றாடப் பேச்சில் இவை ஒன்றோடொன்று கலந்தே வழங்குகின்றன. கத்தரிக்காயின் விலையைப் பேசும்போது இக்கலப்பினாற் பெருந் தீங்கொன்றும் நேர்வதில்லை. ஆயின் ‘வீ. ஆர். ஹெட்செற்’ என வழங்கும் மெய்நிகர்க் காட்சிக் கருவியின் விலை பற்றி மேனாடுகளிற் பல்லாண்டுகளாக நிகழ்ந்துவரும் விவாதத்தில், இக்கலப்பு உரிய வினாவையே மறைத்துவிட்டது எனலாம். இரண்டாவது கருத்திற் குறை கூறுவோருக்கு உற்பத்தியாளர் முதலாவது கருத்திலே விடையிறுக்கின்றனர்; விலையைக் குறைத்துவிட்டோம் என்கின்றனர். மூன்றாவது கருத்து கேட்பாரற்றுக் கிடக்கின்றது. அறவியலுக்குரியது அம்மூன்றாவதே.

கருவியின் அடிப்படை புதிதன்று என்பது முதற்கண் மனங்கொளத்தக்கது. இரு கண்களுக்கும் சிறிதே வேறுபட்ட இரு படங்களைத் தனித்தனியே காட்டினால் மனம் அவற்றை இணைத்து ஆழமுடைய ஒரே காட்சியாகக் காணும் என்பதைச் சாள்ஸ் வீற்ஸ்ரோன் 1838இல் விளக்கினார். அதன்வழித் தோன்றிய ‘ஸ்ரீரியோஸ்கோப்’ என்னும் இருபடக்காட்டியை டேவிட் புறூஸ்ரர் வில்லைகளைக் கொண்டு திருத்தியமைத்தார். 1851இல் இலண்டனில் நடைபெற்ற பெருங் கண்காட்சியில் விக்ரோறியா மகாராணியின் கவனத்தைக் கவர்ந்த பின்னர் அது வீடுகள் தோறும் விரும்பப்படும் பொருளாயிற்று. தலையை அசைக்குந்தோறும் காட்சியும் மாறும் வண்ணம் கணனியோடு இதனை இணைத்தமையே பிற்காலத்துப் புதுமை. 1968இல் ஐவன் சதலன்ட் அமைத்த கருவியில், தலையின் அசைவை அளக்கும் பொறி கூரையிலிருந்து தொங்கியது. தலைக்கு மேல் வாள் தொங்கிய கிரேக்கக் கதை மாந்தன் டமொக்கிளிசின் பெயரால் அப்பொறி வழங்கியது பொருத்தமே. 1980களில் ஜாரன் லனியரின் நிறுவனம் பல்லாயிரம் டொலர் விலையில் இத்தகைய கருவிகளை விற்றது. 1995இல் நின்ரென்டோ நிறுவனம் ஏறத்தாழ 180 டொலருக்கு வெளியிட்ட ‘வேர்ச்சுவல் போய்’ ஓராண்டளவிலே சந்தையை விட்டு நீங்கியது. விலை மலிவாயிருந்தும் அது தோற்றது. சிவப்பும் கறுப்புமாகிய அதன் காட்சியிற் கண்கள் சோர்ந்தனவேயன்றி உள்ளம் ஈடுபடவில்லை. மலிவு ஒன்றே ஒரு பொருளைப் பெறுமதி உடையதாக்காது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இன்றைய விவாதம் 2012இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு பால்மர் லக்கி என்னும் இளைஞர் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி 300 டொலருக்கு ஒரு முன்மாதிரிக் கருவியை வழங்க முன்வந்தார். 2014இல் அவரது ஒக்குலஸ் நிறுவனத்தை முகநூல் நிறுவனம் ஏறத்தாழ 200 கோடி டொலருக்கு வாங்கியது. 2016இல் ‘ரிஃப்ற்’ என்னும் கருவி 599 டொலருக்கு விற்பனைக்கு வந்தபோது பலர் ஏமாற்றமடைந்தனர். அதனை இயக்க ஏறத்தாழ ஆயிரம் டொலர் பெறுமதியான கணனியும் வேண்டியிருந்தமையால் உண்மை விலை அதனிலும் மிக அதிகமாயிற்று. அதே ஆண்டில் ‘வைவ்’ கருவி 799 டொலருக்கும் சொனியின் கருவி 399 டொலருக்கும் வெளிவந்தன. அதன்பின் விலை இரு திசைகளிற் பிரிந்து சென்றது. முகநூல் நிறுவனம் 2020இல் ‘குவெஸ்ற் 2’ கருவியைத் தனிக் கணனி வேண்டாததாக 299 டொலருக்கு விற்றது. அப்பிள் நிறுவனமோ 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆந் திகதி ‘விஷன் புறோ’ கருவியை 3,499 டொலருக்கு விற்கத் தொடங்கியது. 2025 ஒக்டோபரில் அதன் உட்பொறியைப் புதுப்பித்தபோதும் அவ்விலை குறைக்கப்படவில்லை.

இத்தொகையின் பொருளை டொலரைக் கொண்டன்றி உழைப்பைக் கொண்டு அளத்தல் பொருத்தமாகும். ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் விதித்த ஆகக் குறைந்த கூலி 2009இல் மணித்தியாலத்துக்கு 7.25 டொலர் என நிர்ணயிக்கப்பட்டது. 2025இலும் அதுவே நிலவியது. அக்கூலி பெறும் ஒருவர், உணவும் உறையுளும் இலவசமாகக் கிடைக்குமெனக் கற்பனை செய்துகொண்டாலும், விஷன் புறோவுக்கு ஏறத்தாழ 483 மணித்தியாலம், அதாவது வாரத்துக்கு 40 மணித்தியாலமாகப் பன்னிரண்டு வாரம் உழைக்கவேண்டும். 2024 ஒக்டோபரில் 299 டொலருக்கு வந்த ‘குவெஸ்ற் 3எஸ்’ கருவிக்கோ ஒரு வார உழைப்புப் போதும். இரண்டும் ஒரே வகைப் பொருள்கள். ஆனால் ஒன்றின் விலை மற்றதன் விலையிலும் பன்னிரு மடங்குக்குச் சற்றுக் குறைவு.

அப்பன்னிரு மடங்குக்கு ஈடாக வாங்குபவர் பெறுவது யாது? இரு சிறு திரைகளில் 2 கோடியே 30 இலட்சம் ஒளிப்புள்ளிகள். கண்ணின் நோக்கையும் விரலின் அசைவையும் அறிந்து செயற்படும் நுட்பம். சுற்றுப்புறத்தை ஏறக்குறைய உள்ளவாறே காட்டும் படக்கருவிகள். இவை எளிதாகச் செய்யக்கூடியனவல்ல என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 600 கிராமுக்கும் அதிகமான பாரத்தை முகத்தில் தாங்கி, தனியாகத் தொங்கும் மின்கலம் இரண்டு மணித்தியாலமளவில் ஓய்ந்துபோக, அவர் செய்யக்கூடியது பெரும்பாலும் திரைப்படம் பார்த்தல், மடல் படித்தல், புகைப்படம் பார்த்தல் என்பனவே. பார்வைக் குறைபாடு உடையவர் தமக்கேற்ற வில்லைகளுக்கு மேலும் 149 டொலர் கொடுக்கவேண்டியிருந்தது. 3,499 டொலருக்கு உலகையே காட்டுவதாகக் கூறும் கருவி, மங்கிய கண்ணுடையவனுக்கு அவ்வுலகைத் தெளிவாகக் காட்டத் தனிக் கட்டணம் கேட்பது சிறு செய்திதான். எனினும் அது கவனிக்கத்தக்க செய்தி.

பகட்டுக்காக வாங்கப்படும் பொருள் இது எனச் சிலர் எளிதில் முடிவுகட்டுவர். 1899இல் தோர்ஸ்ரைன் வெப்லன் விளக்கிய பகட்டு நுகர்வு என்னுங் கருத்து இதற்கு முற்றும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. பகட்டுப் பொருள் பிறர் காணுமாறு அணியப்படுவது. இதுவோ அணிந்தவரின் முகத்தையே மறைப்பது. பெரும்பாலும் வீட்டினுள்ளே தனிமையில் அணியப்படுவது. ஆகவே பயன் பற்றிய வினாவைத் தட்டிக்கழிக்க வழியில்லை.

செருப்புக்கு அணிதல், மாற்றிக்கொள்ளுதல் என இருவகைப் பயன் உண்டு என்று அரிஸ்ரோட்டில் ‘அரசியல்’ என்னும் தமது நூலிற் குறித்தார். இன்றியமையாத நீர் மலிவாகவும் பயன் குறைந்த வைரம் அரிதான விலையுடையதாகவும் இருப்பதன் புதிரை அடம் சிமித் 1776இல் எழுப்பினார். மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதன’த்தின் தொடக்கமே பயன்பாட்டுப் பெறுமதிக்கும் பரிவர்த்தனைப் பெறுமதிக்கும் இடையிலான வேறுபாடுதான். இம்மூவரும் ஒன்றை ஐயத்துக்கு இடமற்றதாகக் கொண்டனர்: பொருளின் பயன் யாது என்பது வெளிப்படை. செருப்புக் காலைக் காக்கும். நீர் தாகந் தணிக்கும். மெய்நிகர்க் கருவியைப் பொறுத்தவரை பயன் என்பதே வழக்குக்குரியதாகிவிடுகின்றது. அது காட்டும் மாளிகை மழையைத் தடுக்காது. அது காட்டும் திரைப்படமோ மெய்யாகவே பார்க்கப்பட்ட திரைப்படமாகும். அது காட்டும் மலையுச்சியிலிருந்து வீழ்வோமோ என்ற அச்சம் மெய்யான அச்சமே. ஆயினும் மலை ஏறப்படவில்லை. இவற்றுள் எவை பயன், எவை பயனின் நிழல் என்று எங்ஙனம் வரையறுப்பது?

இவ்விடத்து றொபேட் நொசிக் 1974இல் முன்வைத்த ‘அனுபவப் பொறி’ என்னும் சிந்தனைப் பரிசோதனை பலராலும் எடுத்தாளப்படுவதுண்டு. விரும்பிய அனுபவம் எதனையும் மூளையிற் தோற்றுவிக்கும் பொறியொன்றில் வாழ்நாள் முழுவதும் பிணைக்கப்பட்டிருக்க ஒருவர் இசைவாரா என அவர் வினவினார். மனிதர் அனுபவத்தை மாத்திரம் வேண்டுவதில்லை, செயல்களைச் செய்யவும் ஒரு குறிப்பிட்ட வகை மனிதராக இருக்கவும் வேண்டுகின்றனர் என்பது அவர் கண்ட முடிபு. இதனைக் கொண்டு மெய்நிகர்க் கருவி பெறுமதியற்றது என வாதிடுவோர் ஒரு வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். நொசிக்கின் பொறியிற் புகுந்தவர் தாம் பொறியினுள் இருப்பதை அறியார். கருவியை அணிந்தவரோ அதனை நன்கு அறிவார். இரண்டு மணித்தியாலத்தில் மின்கலமே அதனை அவருக்கு நினைவூட்டும். நாடகம் பார்ப்பவரை வாழ்வைத் துறந்தவர் என எவரும் கூறுவதில்லை.

மறுபுறத்தில், 2022இல் வெளிவந்த தமது நூலில் டேவிட் சாமர்ஸ் என்னும் மெய்யியலாளர் மெய்நிகர் உலகும் மெய்யுலகே என்றும், அங்கு நிகழ்வன மாயத் தோற்றங்களல்ல என்றும், பொருளுள்ள வாழ்வொன்றை அங்கும் வாழ முடியும் என்றும் வாதிட்டார். இவ்விருவர் கருத்தையும் விலையோடு பொருத்தி நோக்குமிடத்து ஒரு விளைவு புலப்படுகின்றது. நொசிக்கின் வழிநிற்போர் கூறுவது உண்மையாயின், கருவி 3,499 டொலருக்கு விற்கப்பட்டாலும் வறியவர் இழப்பது பெரிதன்று. செல்வர் ஒரு விளையாட்டுப் பொருளுக்கு அதிகம் கொடுத்தனர், அவ்வளவே. சாமர்ஸ் கூறுவது உண்மையாயின் நிலைமை முற்றும் வேறு. உலகின் ஒரு பகுதியே விலைச் சீட்டு ஒட்டப்பட்டதாகிவிடுகின்றது. கருவியை எந்த அளவுக்குப் புகழ்கின்றனரோ அந்த அளவுக்கு அதன் விலை நீதி பற்றிய வினாவாகிவிடுகின்றது. விளம்பரங்களோ இரண்டையும் ஒருசேரக் கூற விழைகின்றன: இஃது ஒரு புதிய உலகம், ஆயினும் விலையைப் பொறுத்தவரை வெறும் பொருள்.

கருவியின் பயன் ஐயத்துக்கு இடமின்றித் துலங்கும் இடம் ஒன்றுண்டு. தீக்காயமுற்றோரின் புண்களைக் கழுவித் துடைக்கும்போது எழும் வேதனை, வலுவான மருந்துகளாலும் முற்றாகத் தணிக்கப்படாத ஒன்று. 1990களின் பிற்பகுதி தொடக்கம் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான ஹன்ரர் ஹொஃப்மனும் டேவிட் பற்றர்சனும் இத்தகைய நோயாளருக்கு மெய்நிகர்க் காட்சிகளை அளித்துப் பார்த்தனர். அதன்பொருட்டு அமைக்கப்பட்ட ‘ஸ்நோ வேர்ல்ட்’ என்னும் காட்சியில் நோயாளி பனி உறைந்த பள்ளத்தாக்கொன்றினூடே மிதந்து சென்று பனி மனிதர் மீதும் பென்குவின்கள் மீதும் பனியுருண்டைகளை எறிவார். வேதனையை உணர்வதற்கும் கவனம் வேண்டும்; கவனத்தின் பெரும்பகுதியைப் பனியுலகம் கவர்ந்துகொள்ள, வேதனைக்கு எஞ்சுவது குறைந்துவிடுகின்றது. நோயாளர் தாம் உணர்ந்த நோவு குறைந்ததாகக் கூறினர். 1995இலேயே உயரத்தைக் கண்டு அஞ்சுவோருக்கு இம்முறையாற் சிகிச்சையளிக்கப்பட்டு முடிபுகள் வெளியிடப்பட்டிருந்தன. 2021 நவம்பரில் ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம், நாட்பட்ட கீழ்முதுகு நோவுக்கான மெய்நிகர்ச் சிகிச்சையொன்றை வைத்தியரின் பரிந்துரையின்பேரில் வழங்க அனுமதித்தது. இங்குப் பனி பொய். நோவு குறைந்தமை மெய். கருவியைக் கழற்றிய பின்னர் வாழ்வில் எஞ்சுவது யாதோ அதனைக் கொண்டே அதன் பெறுமதியை அளக்கவேண்டும் என்ற அளவுகோலை இவ்வுதாரணம் தருகின்றது. அவ்வளவுகோலாற் பார்க்கையில், கருவி ஒன்றே, விலையும் ஒன்றே. எனினும் புண் கழுவப்படும் சிறுவனுக்கு அது ஒரு பெறுமதி, மாலைப்பொழுதில் திரைப்படம் பார்ப்பவருக்கு வேறு பெறுமதி.

இதிலிருந்து எழும் அறவியற் சிக்கலை மத்தியகால ஐரோப்பாவில் நீதியான விலை பற்றிச் சிந்தித்த தோமஸ் அக்குவைனாஸ் முன்னரே கண்டிருந்தார். ஒரு பொருளை விட்டுக்கொடுப்பதால் விற்பவர் இழப்புறுவாராயின் அவ்விழப்பைக் கருதி விலையை உயர்த்தலாம். ஆனால் வாங்குபவர் பெரும்பயன் அடைகின்றார் என்பதை மட்டும் காரணமாகக் கொண்டு, தாம் எதனையும் இழக்காத விற்பவர் விலையை உயர்த்தலாகாது என்பது அவரது நிலைப்பாடு. வாங்குபவரின் நயம் விற்பவருக்கு உரியதன்று என்பதே இதன் உட்கருத்து. இன்றைய வர்த்தகக் கல்வி இதற்கு நேர்மாறானதைக் கற்பிக்கின்றது: வாங்குபவர் எவ்வளவு கொடுக்க இசைகின்றாரோ அதுவே விலை. இக்கோட்பாட்டின்படி நோவு மிக்கவரே அதிகம் கொடுக்க இசைவார். அக்கோட்பாட்டுக்கு எதிரான முறையீடு, மலிவாகக் கொடு என்பதன்று. பிறர் துன்பத்தை விலையின் அளவுகோலாகக் கொள்ளாதே என்பதாகும்.

எதிர்த்தரப்பின் வாதமும் வலிமை குன்றியதன்று. 1960இல் வெளியிட்ட நூலொன்றில் ஹயெக், இன்று செல்வர் மட்டும் நுகரும் ஆடம்பரப் பொருளுக்கு அவர்கள் கொடுக்கும் பெருவிலையே, பிற்காலத்தில் வறியவரும் அப்பொருளைப் பெறுவதற்கான பரிசோதனைச் செலவைச் சுமக்கின்றது என வாதிட்டார். வரலாறும் ஓரளவுக்கு அவர் பக்கமே நிற்கின்றது. 1980களின் முற்பகுதியில் மோட்டோறோலா நிறுவனத்தின் முதற் கைத்தொலைபேசி 3,995 டொலருக்கு விற்கப்பட்டது. அதன் வழித்தோன்றல்களை இன்று கூலியாளரும் மீனவரும் வைத்திருக்கின்றனர். தீக்காய நோயாளர் விடயத்திலும் இவ்வாதம் செல்லுபடியாகும். தொடக்க காலத்தில் ஆய்வுகூடங்கள் மாத்திரமே வைத்திருக்கக்கூடிய பெருவிலைக் கணனிகளால் இயங்கிய சிகிச்சை, விளையாட்டுக்காக இளைஞர் வாங்கிய கருவிகளின் பெருக்கத்தாலேயே சாதாரண வைத்தியசாலைக்கும் எட்டக்கூடியதாயிற்று. வீண்பொழுது போக்குவோர் அறியாமலே நோயாளருக்கு உதவினர் என்பதை எவ்வளவு கடுமையான ஒழுக்கவியலாளரும் ஏற்கவேண்டும்.

ஆயினும் விலை இறங்குவதற்குச் செல்வரின் பெருவிலை ஒன்றே வழியென ஹயெக்கின் வாதத்தை விரித்தால் அது பிழையாகிவிடும். மேலே குறிப்பிட்ட இருபடக்காட்டியின் கதையே அதற்குச் சான்று. பொஸ்ரன் நகரத்து வைத்தியரும் எழுத்தாளருமான ஒலிவர் வென்டல் ஹோம்ஸ், 1861 அளவில், பெட்டி வடிவிலிருந்த அக்கருவியைக் கைப்பிடியும் முகமறைப்பும் படம் செருகும் சட்டமும் உடைய எளிய மரக் கருவியாக மாற்றியமைத்தார். ஆக்கவுரிமை பெற்றிருப்பின் அவர் பெருஞ்செல்வராகியிருக்கக்கூடும். அவர் வேண்டுமென்றே அதனைப் பெறாது விட்டார். எவரும் அதனைச் செய்யலாம் என்றாயிற்று; பலரும் செய்தனர்; விலை வீழ்ந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஐக்கிய அமெரிக்காவின் நடுத்தர வீடுகளிலும் பின்னர் பாடசாலைகளிலும் அக்கருவியின் வழியே பிள்ளைகள் எகிப்தியக் கூர்நுதிக் கோபுரங்களைக் கண்டனர். இங்கு விலையைக் குறைத்தது செல்வரின் பணமன்று, ஒருவர் தமக்குக் கிட்டக்கூடிய இலாபத்தை வேண்டாமென விட்டமையே.

இன்றைய மலிவுக் கருவியின் பின்னணியில் இவ்விரண்டில் எது இருக்கின்றது? இரண்டுமன்று என்பதே விடை. முகநூல் நிறுவனம் 2021 ஒக்டோபரில் ‘மெற்றா’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. அதன் மெய்நிகர்ப் பிரிவு 2021இல் ஏறத்தாழ 1,020 கோடி டொலரும், 2022இல் 1,370 கோடி டொலரும், 2023இல் 1,610 கோடி டொலரும், 2024இல் 1,770 கோடி டொலரும் நட்டமடைந்ததாக அந்நிறுவனத்தின் கணக்கறிக்கைகளே காட்டுகின்றன. நான்காண்டுகளில் 5,700 கோடி டொலருக்கும் மேல். இத்துணைப் பெரிய நட்டத்தை இலாப நோக்குடைய ஒரு நிறுவனம் அறக்கொடையாகச் சுமப்பதில்லை. விளம்பரத்தால் ஈட்டிய பணத்தைக் கொண்டு அது எதிர்காலத்தை வாங்குகின்றது. 299 டொலர் என்பது கருவியின் விலையன்று, வாங்குபவரை வாயிலுக்குள் அழைக்கும் நுழைவுச் சீட்டின் விலை. குவெஸ்ற் 2 வெளிவந்தபோது முகநூற் கணக்கு இல்லாதவர் அதனைப் பயன்படுத்த முடியாதிருந்தது. எதிர்ப்புக்களுக்குப் பின்னர் 2022இலேயே அந்நிபந்தனை மாற்றப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், வெளிவந்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழிந்த அதே கருவியின் விலை 100 டொலரால் உயர்த்தப்பட்டது. மலிவு ஒரு வாக்குறுதியாக இருந்ததில்லை என்பதை இது தெளிவாக்குகின்றது.

கருவியை அணிபவர் தலையையும் கைகளையும் எவ்வாறு அசைக்கின்றார் என்பதை அது இடையறாது அளந்தே ஆகவேண்டும். அளவாவிடின் காட்சியே இல்லை. 2023இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்து ஆய்வாளர் உள்ளிட்ட குழுவொன்று, ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டாளர்களின் அசைவுப் பதிவுகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 100 செக்கன் நேரத்து அசைவுகளைக் கொண்டே நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு அளவுக்குச் சரியாக ஒருவரை இன்னார் என அடையாளங் காண முடியும் எனக் காட்டியது. பெயரை மறைக்கலாம், தலை திரும்பும் பாங்கை மறைக்க முடியாது. இவ்வாறு பெறப்படுவதன் பெறுமதி யாது, அது எங்கே எத்தகைய பொருளாகப் பின்னர் மாறும் என்பது விலைச்சீட்டில் இல்லை. வாங்கும்போது விற்பவரே முற்றாக அறிந்திருப்பார் எனவும் கூற இயலாது. மறைந்த குறைபாட்டை வாங்குபவருக்கு வெளிப்படுத்தாது விற்றல் அநீதி என அக்குவைனாஸ் கூறியது நொண்டிக் குதிரையையும் இடிந்துவிழும் நிலையிலுள்ள வீட்டையும் பற்றியதாயினும், இங்கும் பொருந்தும். அந்த வகையில் நோக்கின், 3,499 டொலர் கேட்கும் நிறுவனத்தின் விலை கொடியதாயினும் அதன் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிகின்றது. 299 டொலர் கேட்கும் நிறுவனத்தின் விலையிற் பெரும்பகுதி தெரிவதில்லை. மலிவானதே நீதியானது என்ற எளிய முடிபு இங்குத் தகர்ந்துவிடுகின்றது.

‘விருப்பமில்லாதவர் வாங்காது விடலாமே’ என்பது வழமையான மறுமொழி. இன்றைய நிலையில் அது சரியானதே. கருவியில்லாத ஒருவர் எவ்விடத்தும் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் அவசியப் பொருள் என்பது உயிர் வாழ்வதற்கு வேண்டியது மாத்திரமன்று. நாட்டு வழக்கம் எதனை இல்லாதிருத்தல் மானக்கேடெனக் கருதுகின்றதோ அதுவும் அவசியப் பொருளே என அடம் சிமித் விளக்கினார். கிரேக்கரும் உரோமரும் லினன் சட்டையின்றி நலமாக வாழ்ந்தனர். அவர் காலத்து ஐரோப்பியக் கூலியாளரோ அதுவின்றிப் பொதுவிடத்துக்கு வர நாணினர். ஆடம்பரம் அவசியமாகும் அக்கணத்தில் விலையின் அறவியல் மாறிவிடுகின்றது. கைத்தொலைபேசி அக்கணத்தை எப்போதோ கடந்துவிட்டது. வேலைக்கு விண்ணப்பிக்கவும் வங்கிக் கணக்கைத் திறக்கவும் அது வேண்டியிருக்கும் நாடுகளில் ‘வாங்காது விடலாமே’ என்பது பொருளற்ற சொல். மெய்நிகர்க் கருவியை ஆக்குவோர் அதனையே வேண்டி நிற்கின்றனர். கூட்டங்கள் அங்கு நிகழவேண்டும், வகுப்புக்கள் அங்கு நடைபெறவேண்டும், நண்பர்கள் அங்கு சந்திக்கவேண்டும் என்பதே பெயர் மாற்றத்தின்போது உலகுக்கு அறிவிக்கப்பட்ட கனவு. அதாவது, கருவியின் நுகர்வுப் பெறுமதி கருவியைத் திருத்துவதால் மட்டும் உயர்த்தப்படுவதன்று, அது இல்லாதிருப்பதை ஓர் இழப்பாக்குவதாலும் உயர்த்தப்படலாம். இவ்விரண்டாவது வழியாற் பெறும் இலாபத்துக்கு எந்த அறவியலும் நியாயங் காண்பது அரிது. அக்கனவு 2025 வரை நனவாகவில்லை என்பது நுகர்வோரின் விவேகத்தாலா, கருவியின் பாரத்தாலா என்பது வேறு ஆராய்ச்சி.

பெருவிலைக்கு வறியவர் கண்ட பழைய விடை ஒன்றுண்டு: பகிர்ந்துகொள்ளுதல். ஒருவர் வாங்கிய புத்தகத்தைப் பத்துப் பேர் படித்தனர். ஹோம்சின் இருபடக்காட்டி விருந்தினர் கூடத்தில் கைக்குக் கை மாறியது. பாட்டியின் கண்ணுக்கும் பேரனின் கண்ணுக்கும் படச் சட்டத்தைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தினாற் போதும். விஷன் புறோவை வாங்குபவரோ முதலில் தம் முகத்தை அளந்து கொடுக்கவேண்டும்; அவ்வளவுக்கேற்பவே ஒளித்தடுப்பு உறை தெரிவுசெய்யப்படுகின்றது; வில்லைகள் அவரது கண்ணுக்கென வருகின்றன. விருந்தினர் பயன்படுத்த மென்பொருளில் வழியிருப்பினும் உறை அவர் முகத்துக்குப் பொருந்தாது, வில்லை அவர் கண்ணுக்கு ஒவ்வாது. ஒரு குடும்பத்தில் நால்வர் இருப்பின் நான்கு முகங்கள். விலையுயர்வைப் பற்றிய விவாதங்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை. ஆயினும் 3,499 என்னும் எண்ணைவிட இதுவே வறியவரை வாயிலுக்கு வெளியே நிறுத்துகின்றது. தொகையைப் பத்துப் பேர் சேர்ந்து திரட்டிவிடலாம், முகத்தைப் பத்துப் பேர் பகிர முடியாது.

இதற்கு மாறான முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 2014இல் கூகிள் நிறுவனம் கடதாசி மட்டையாலும் இரு வில்லைகளாலும் ஆன காட்சிக் கருவியொன்றின் அமைப்பை எவரும் செய்துகொள்ளுமாறு வெளியிட்டது. 2015 நவம்பரில் நியூ யோர்க் ரைம்ஸ் நாளேடு பத்து இலட்சத்துக்கும் அதிகமானவற்றைத் தன் சந்தாதாரருக்கு இலவசமாக அனுப்பியது. அது ஹோம்சின் செயலை ஒத்ததாயினும் நிலைக்கவில்லை. 2021இல் அந்நிறுவனம் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. 2017இல் கலிபோர்ணியா மாநிலத்துப் பொது நூலகங்கள் பலவற்றுக்கு ரிஃப்ற் கருவிகள் அவற்றுக்குரிய கணனிகளோடு வழங்கப்பட்டன. அங்கு 599 டொலரும் இல்லாத, ஆயிரம் டொலர்க் கணனியும் இல்லாத ஒருவர் தம் முறைக்குக் காத்திருந்து, முன்னவர் கழற்றிய கருவியைத் துடைத்து அணிந்து, பட்டையைத் தம் தலைக்கேற்ப இறுக்கிக்கொண்டு ஆழ்கடலைப் பார்க்க முடிந்தது.